உண்டியும் கைப்பேசியும்

வடாலா ரயில் நிலையத்து வாசலில் தேநீர் அருந்திவிட்டு, கடைச் சுவரில் ஒட்டியுள்ள கட்டம் போட்ட சீட்டுக்கு நேரே கைப்பேசியை நீட்டுகிறோம். 'பணம் வந்தது' என்று கடையிலுள்ள சிறு பெட்டி கூவுகிறது. ஆனால் அந்தக் கணத்தில் ஒரு பாங்கிலிருந்து மற்றொரு பாங்குக்குக் காசு எதுவும் நகர்வதில்லை. போவது செய்தி மட்டுமே!

அச்செய்தியைக் கேட்டு நம் பாங்கு நம் கணக்கில் பற்று எழுதுகிறது. கடைக்காரரின் பாங்கு அவர் கணக்கில் வரவு வைக்கிறது. நடுவே நின்று செய்தியைக் கடத்துவது, 2008-ல் நிறுவப்பட்டு மும்பையில் இயங்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகம். பாங்குகள் ஒன்றுக்கொன்று தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் ரிசர்வ் பாங்கிலுள்ள தத்தம் கணக்குகளில் பிற்பாடு நேர் செய்கின்றன. 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ.யின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இந்தச் சூட்சுமம் தமிழருக்குப் புதிதன்று. கடல் கடந்து லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இதை உண்டி என்ற பெயரில் பல தலைமுறைகளாகக் கையாண்டனர். (உண்டி என்றதும் விடுதிச் சாப்பாட்டை நினைக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க.) கொழும்பிலுள்ள வியாபாரி சென்னைக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், அங்குள்ள செட்டியார் கடையில் ரொக்கத்தைக் கட்டி ஓர் உண்டி பெறுவார். சென்னைக் கடையில் அதைக் காட்டினால் பணம் பட்டுவாடா ஆகும். காட்டியவுடன் கொடுப்பது தரிசன உண்டி. கெடு கழித்துக் கொடுப்பது தவணை உண்டி. ஒவ்வோர் உண்டிக்கும் ரொக்கம் கப்பலேற வேண்டியதில்லை. எதிர்த் திசையில் வரும் உண்டிகளோடு கழித்துக் கணக்கை முடித்துக்கொள்வார்கள்.

அந்தக் காகிதத்தை ஊரார் நம்பியது எதனால்? விலாசத்தால். இங்கே விலாசம் என்பது தெருவும் கதவிலக்கமும் அல்ல. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த குடும்பத்தின் தொழிற்பெயர். கையெழுத்திட்டவர் சம்பளத்துக்கு அமர்ந்த ஏஜண்டாக இருக்கலாம். ஆயினும் உண்டி திரும்பிவிட்டால், குடும்பத்தின் சொத்தே பதில் சொல்லியாக வேண்டும். தந்தை மகனுக்கு வைத்துப் போன ஆஸ்தியில் வீட்டையும் நிலத்தையும்விட இந்த நாலைந்து எழுத்துக்களே பெரிது என்பேன்.

அத்தகைய குடும்பங்களுள் ஒன்று எம்.சி.டி.எம். குடும்பம். அதில் பிறந்த சிதம்பரம் செட்டியார், 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒருசேர இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கைத் தொடங்கினார். குடும்பத்தின் தோளில் இருந்த பொறுப்பு, பங்குதாரர் கம்பெனியின் தோளுக்கு மாறியது. 1954-ல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். 1969-ல் அந்தப் பாங்கு தேச உடைமையாயிற்று.

2023 பிப்ரவரியில் யு.பி.ஐ. சிங்கப்பூரின் பேநௌ முறையோடு இணைக்கப்பட்டபோது, இருபுறமும் பணம் அனுப்பவும் பெறவும் முதலில் அமைந்த நான்கு இந்தியப் பாங்குகளுள் இதுவும் ஒன்று. மறு ஆண்டு இலங்கையிலும் யு.பி.ஐ. நுழைந்தது. செட்டியார் கடைகள் வரிசையாக நின்ற அதே சிங்கப்பூர், அதே கொழும்பு!

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. மாதக் கடைசியில் ஊரிலிருந்து தந்தை அனுப்பும் பணம் நடுவழியில் நின்றுவிட்டால், எந்தக் கடைத் திண்ணையில் போய் உட்காருவது? கைப்பேசியில் நாம் காணும் செயலியின் கம்பெனி பெரும்பாலும் தூதன்தான். கணக்கு இருப்பது பாங்கில். விலாசத்தின் இடத்தில் இன்று நிற்பது சட்டம். ரிசர்வ் பாங்கின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி, ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் சேராமற்போனால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதானால் ஐந்து நாட்களுக்குள். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 நஷ்டஈடு. நாம் கேளாமலே தரவேண்டிய தொகை இது. வராவிட்டால் பாங்குக்கு எழுத்து மூலம் புகார் செய்யவேண்டும். முப்பது நாளில் தக்க பதில் இல்லையேல் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.