சொல்லிக்காட்டாதீங்க… சொல்லுங்க!

‘உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம், தெரியுமா?’

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கும். திருப்புதல் தேர்வில் கெமிஸ்ட்ரி மார்க் குறைந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் நானும் என் மகளிடம் கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் எதிர்பார்த்தது நன்றி. அவள் காதில் விழுந்ததோ கடன் பாக்கி.

நன்றியுணர்வு மனதுக்கு நல்லது என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றை 10 வாரம் எழுதிவந்தார்கள். எரிச்சல்களை எழுதியவர்களைவிட இவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவு கூடியிருந்தது. 2008-ல் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் 221 பள்ளிப் பிள்ளைகளிடம் இதேபோல 2 வாரம் செய்து பார்த்தபோது, நன்றி எழுதியவர்களுக்குப் பள்ளிக்கூடமே கூடுதலாகப் பிடித்திருந்தது.

கவனியுங்கள், அவர்கள் தாங்களாக நினைத்துப் பார்த்து எழுதினார்கள். யாரும் சொல்லிக்காட்டவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் முதலில் ஆரம்பித்தோம். ஞாயிறு இரவு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு வரி. தினமும் என்றால் அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். ‘நன்றி’ என்ற சொல் நம் வீடுகளில் மேடைப்பேச்சுபோல ஒலிக்கும், அது வேண்டாம். ‘தாத்தாவுக்கு நீ கண்ணுக்கு மருந்து விட்டது எனக்குப் பெரிய ஒத்தாசை’ என்று, நடந்ததை அப்படியே எழுதினால் போதும். ‘நல்ல பிள்ளை’ என்ற பொத்தாம்பொதுவான பாராட்டைவிட இது ஆழமாக இறங்குகிறது.

இது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. பிள்ளை நாள்கணக்கில் தூங்காமல், பேசாமல் இருந்தால் காலண்டர் தாளை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. மனநல ஆலோசகரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-ஐ அழையுங்கள்.

முதல் இரண்டு வாரம் என் மகள் எதுவும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது:

‘வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரி பேப்பர் குடுத்தாங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அம்மா மார்க் கேக்கல.’