மின்காரைத் திறந்து பார்ப்போம் – 9
கோளாறு வால்விலா, ஆக்சுவேட்டரிலா?

பேட்டரியைச் சூடும் குளிரும் தாக்காமல் காக்கும் கூலன்ட் சுற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கூலன்டை வேண்டிய பக்கம் திருப்பிவிடும் வால்வு மக்கர் செய்தால் என்ன ஆகும்?

பெட்ரோல் காரில் இந்த வேலையைத் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு பார்த்துக்கொள்கிறது. இன்ஜின் சூடேறினால் மெழுகு உருகிப் பருத்து வால்வைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்காரில் இந்த மெழுகு வித்தை செல்லாது; கூலன்ட் போகும் வழி தருணத்துக்கேற்ப மாற வேண்டும். கடுங்குளிரில் மோட்டாரின் வெப்பத்தைப் பேட்டரிக்கு அனுப்ப வேண்டும். வேகமாகச் சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் சூட்டை வெளியேற்ற வேண்டும். 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் நான்கு வாய் வால்வு ஒன்று பேட்டரிச் சுற்றையும் மோட்டார் சுற்றையும் தேவைக்கேற்பச் சேர்க்கும், பிரிக்கும். 2020-ல் மாடல் ஒய் வந்தபோது வாய்கள் எட்டாகி, ‘ஆக்டோவால்வ்’ என்ற பெயரும் வந்துவிட்டது.

காரின் கம்ப்யூட்டர் சொல்கிறபடி இந்த வால்வுகளைத் திருப்புவது ஆக்சுவேட்டர். பார்த்தால் சின்ன பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு குட்டி மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், தண்டு எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் சென்சார். பல் உடையலாம், கனெக்டரில் ஈரம் இறங்கலாம், சென்சார் தேயலாம்.

காரின் கம்ப்யூட்டருக்கு வால்வு கண்ணில் படாது. சென்சார் சொல்வதுதான் அதற்கு வேதம். ஆகவே ஸ்கேன் கருவியில் வரும் கோட், பெரும்பாலும் ‘வால்வு சொன்ன இடத்துக்கு வரவில்லை’ என்பதை மட்டுமே சொல்லும். தண்டு இறுகியதாலா, மோட்டார் செத்ததாலா என்று சொல்லாது. அந்தக் கோட் வந்ததுமே புது ஆக்சுவேட்டர் வாங்குவது அவசரம். இறுகிய வால்வோடு மல்லுக்கட்டினால் புதியதும் கெட்டுப்போகும்.

சில கார்களில் ஆக்சுவேட்டர் வால்வின் தலையில் தனியாகத் திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் கூலன்ட் ஒரு சொட்டும் சிந்தாது. கழற்றியபின் தண்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு திரும்பினால் சந்தேகம் ஆக்சுவேட்டர் மேலும் வயரிங் மேலும் போகும். முரண்டு பிடித்தால் வால்வையே மாற்றியாக வேண்டும். ஆக்சுவேட்டரை மாற்றினால், புதியதைத் தண்டின் வெட்டுக்குப் பொருந்த உட்கார வைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் போல்ட்டை இறுக்கி இழுக்கக் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும். பிறகு ஸ்கேன் கருவி வழியே, தண்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டி எல்லைகளைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

வால்வும் ஆக்சுவேட்டரும் ஒரே துண்டாக வரும் கார்களில் வேலை பெரிது. கூலன்டை வடித்து, மாற்றி, மறுபடி நிரப்பி, சுற்றில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் பம்பு சுற்றினாலும் கூலன்ட் சரியாக ஓடாது. கம்பெனி சொன்ன கூலன்டைத்தான் ஊற்ற வேண்டும். வடித்ததைத் திறந்து வைக்கக் கூடாது: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கும் நாய்க்கு அது நஞ்சு.

பக்கத்தில் ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கலாம். பயிற்சி பெற்றவர் மின் இணைப்பைத் துண்டிக்கும்வரை கை வைக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் பெரிய தொகைக்குப் பில் எழுதினால், “தண்டைத் திருப்பிப் பார்த்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்த வாரம்: கூலன்ட் பம்பு