கொல்லையிலிருந்து பார்த்த கோபுரம்

1987 மார்ச் 25. ராஜகோபுரத்துக்குச் சம்ப்ரோக்ஷணம். ஸ்ரீரங்கத்தில் அன்று தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில்கூட யார் யாரோ வெளியூர்க்காரர்கள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் கொல்லையில், கிணற்றடியை ஒட்டிய சின்ன அறையில், தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பழைய ஜமக்காளம் சகிதம் கிடந்தேன். பதினைந்து வயது. தூரமாகி இரண்டாம் நாள்.

அந்தக் கோபுரம் எங்களோடு வளர்ந்தது. அச்சுதராயர் காலத்தில் ஆரம்பித்து நின்றுபோன அடித்தளம் நானூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்ததால் பாட்டிக்கு அது எப்போதும் 'மொட்டைக் கோபுரம்'தான். 1979இல் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கர் வேலையைத் தொடங்கினார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் சாரத்தை அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு எத்தனையாவது நிலை என்று பந்தயம் கட்டுவோம். பதின்மூன்று நிலை, 236 அடி. எட்டு வருஷம் காத்திருந்த நாளில் எனக்குக் கிணற்றடி.

அம்மாவும் போகவில்லை. தலைவலி என்றாள்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், டொராண்டோவில் இருக்கும் என் மகள் போன மாதம் போனில் கேட்டாள்: "அம்மா, பதினைஞ்சு வயசு உன்னைப் பார்த்தா என்ன சொல்லுவே?" அவள் ஆபீஸில் ஏதோ விளையாட்டாம். எல்லோரும் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம்.

ஒரு வரியா! கேட்ட நிமிஷமே பத்து வரி வந்தது. சைக்கிள் கற்றுக்கொள், அண்ணன் விட்டுத் தருகிறானா என்று பார்க்காதே. காவிரியில் தண்ணீர் ஓடும் மாதங்களிலேயே நீச்சல் பழகு. ஜங்ஷன் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் எவனாவது உரசினால் ஊக்கைத் தேடிக்கொண்டிருக்காதே, வாயைத் திற. படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. வீட்டு மனிதர்கள் நீட்டினாலும்தான். (இந்தக் கடைசி வரிக்குப் பின்னால் ஒரு நகைக் கடன் இருக்கிறது. அதைச் சொன்னால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் அந்தப் பெண் கேட்டிருப்பாளா? இதில் பாதியை அம்மாவே அப்போது சொன்னாள். காதிலேயே விழவில்லை.

விழாததில் ஒன்று அந்தத் தலைவலி. அதை இருபது வருஷம் நம்பினேன். ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா போகிறபோக்கில் சொன்னாள்: "உங்கம்மாவுக்கு ஏதுடி தலைவலி? பட்டுப்புடவை கட்டிண்டு வாசல் வரைக்கும் வந்தா. குழந்தை தனியா உக்காந்திருக்கும்னு திரும்பிப் போயிட்டா." விலகி உட்கார் என்று விதி சொன்னதும் அம்மாதான், அந்த விதிக்குப் பக்கத்தில் துணைக்கு வந்து உட்கார்ந்ததும் அம்மாதான். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது.

இதே திருச்சி மாவட்டத்தில், மதுரை போகும் சாலையிலுள்ள துவரங்குறிச்சியில், 1968இல் பிறந்த ஒரு பெண்ணைப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு மாதம் மூன்று நாள், அவருக்கு வருஷக்கணக்கு. கல்யாணமான பிறகு கழிப்பறையில் ஒளிந்து கவிதை எழுதினார். அந்தக் காகிதங்கள் வீட்டைத் தாண்டி வெளியே போய்ச்சேர உதவியவர் அவருடைய தாய். கவிஞர் சல்மாவைத்தான் சொல்கிறேன். 2001இல் ஊர்ப் பேரூராட்சித் தலைவர், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2025இல் மாநிலங்களவை உறுப்பினர். கிம் லாங்கினோட்டோ 2013இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தபோது என் மனம் கவிஞரைவிட அந்தத் தாயையே சுற்றிக்கொண்டிருந்தது. மகளை நிறுத்திவைத்த அதே வீட்டுக்குள் இருந்துகொண்டு காகிதத்தை வெளியே அனுப்பிய கை அது. பயத்தோடுதானே அனுப்பியிருக்கும்?

இன்னொரு தாயும் நினைவுக்கு வருகிறாள். திருச்சி மலைக்கோட்டையில் பாதிப் படி ஏறினால் தாயுமானவர் சந்நிதி. பூம்புகாரிலிருந்து மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவமானால் இன்றைக்கும் வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்தக் கதையை எல்லோரும் ஈசன் பக்கமிருந்தே சொல்வார்கள். அக்கரையில் மருந்துப் பொட்டலத்தோடு நின்றவளை யாரும் கேட்பதில்லை. வெள்ளம் வடிந்து ஓடி வந்து பார்த்தால், தன்னைப் போலவே ஒருத்தி எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கிறாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தத் தாயைத் தடுத்தது காவிரி என்றால், என் மகளுக்குப் பிரசவம் ஆனபோது என்னைத் தடுத்தது விசா. அங்காயப் பொடியும் கண்டந்திப்பிலியும் பெட்டியில் கட்டியபடி கிடக்க, எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா சரக்குக்கறி வைத்துக் கொடுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து நான் போய் இறங்கியபோது குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நன்றி சொன்னேன். பொறாமையும் இருந்தது, அதை மகளிடம் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். படுத்த பிறகுதான் அந்த வார்த்தை யாருடையது என்று உறைத்தது.

ஆக, மகளுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "உன் அம்மாவுக்குத் தலைவலி என்றால், இரண்டாம் தரம் கேள்."

அனுப்பிய பிறகு நானே கேட்காமல் இருந்தால் எப்படி? அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கொல்லை அறையை இடித்துக் குளியலறை கட்டியாகிவிட்டது. சாயங்காலம் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். பெரியம்மா சொன்னதையும் சொன்னேன்.

"அவ எதையாவது சொல்லுவா." டம்ளரை இரண்டு தரம் ஆற்றினாள். "கிணத்தடியிலேர்ந்தே கலசம் தெரிஞ்சுதே. நீயும் நானும் பார்த்தோமே, ஞாபகமில்லையா? போறாதா?"