கடன் கழுத்தை நெரிக்கிறதா? வீட்டில் சொல்லுங்கள்... பாதிக் கணக்கை அல்ல, முழுக் கணக்கை!

கிரெடிட் கார்டுக்கு மினிமம் தொகை கட்ட ஒரு லோன் ஆப். அந்த ஆப்புக்குக் கட்ட இன்னொரு ஆப். நடுவில் நண்பரிடம் கைமாத்து. சம்பளம் வந்த மறுநாளே கணக்கில் இருப்பு இல்லை என்று குறுஞ்செய்தி. வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களிலேயே இந்தச் சுழலில் மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் நம் எல்லோருக்கும் தெரிந்த வட்டத்திலேயே இருப்பார்கள். ஆனால், இந்த விஷயம் கடைசியாகத் தெரியவரும் இடம் பெரும்பாலும் அவர்களுடைய வீடுதான்.

"வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய வயசுல, வீட்லயே போய் பணம் கேட்கிறதா?" என்ற கூச்சம்தான் காரணம். வேறு வழியே இல்லாமல் சொல்லும்போதும் முழுசாகச் சொல்வதில்லை. மூன்றரை லட்சம் கடன் இருந்தால் "ஒரு அறுபதாயிரம்தாம்மா" என்கிறோம். அம்மாவின் வருத்தம் குறையட்டும் என்று சொல்லும் இந்தச் சின்ன பொய்தான் கிடைக்கும் உதவியையும் வீணாக்கிவிடுகிறது. எப்படி?

சம்பளத்திலேயே ஏன் அடைக்க முடிவதில்லை?

இந்தியாவில் பல கிரெடிட் கார்டுகளின் வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 36 முதல் 45 சதவீதம். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

கார்டில் 1,00,000 ரூபாய் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3,500 ரூபாய், ஜிஎஸ்டி 630 ரூபாய். மொத்தம் 4,130 ரூபாய். மினிமம் தொகை பாக்கியில் 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்றால், நீங்கள் கட்டுவதில் அசலுக்குப் போவது 870 ரூபாய் மட்டுமே. அதோடு, பழைய பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடைக்காது. இன்று தேய்த்தால் இன்றிலிருந்தே வட்டி.

லோன் ஆப் கணக்கு இன்னும் மோசம். 10,000 ரூபாய் கேட்டால் கட்டணம் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கைக்கு வருகிறது, 30 நாளில் 10,500 ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும் என்றால், ஒரே மாதத்தில் 23 சதவீதத்துக்கும் மேல் போகிறது. ஊரில் கந்துவட்டி என்று நாம் திட்டுவதையே இது மிஞ்சிவிடும்.

பாதிக் கணக்கு சொன்னால் என்ன ஆகும்?

விளக்கத்துக்காக ஒரு எடுத்துக்காட்டு. கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். கடன்கள் இவை:

• கிரெடிட் கார்டு: 1,20,000 ரூபாய்
• தனிநபர் கடன்: 1,80,000 ரூபாய் (இஎம்ஐ 8,200 ரூபாய்)
• இரண்டு லோன் ஆப்: 30,000 ரூபாய், இந்த மாதமே கட்ட வேண்டும்
• நண்பரிடம் கைமாத்து: 20,000 ரூபாய்

மொத்தம் 3,50,000 ரூபாய். கார்டு மினிமம் 6,000, இஎம்ஐ 8,200, செலவு 14,000 போக மிச்சம் 9,800 ரூபாய். இதில் ஆப் கடனை அடைக்க முடியாது. அதனால்தான் புது ஆப்.

இப்போது வீட்டில் "60,000 ரூபாய் கடன்" என்று மட்டும் சொல்கிறார். அம்மா செயினை அடகு வைத்துக் கொடுக்கிறார். ஆப் கடனுக்கு 30,000, நண்பருக்கு 20,000, மீதி 10,000 கார்டுக்கு. போன் தொல்லை நின்றுவிடுகிறது. நிம்மதி!

ஆனால், கார்டில் 1,10,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் வட்டியும் ஜிஎஸ்டியும் ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டிவிடும். பாக்கி சுமார் 99,000 ரூபாய் வரைதான் இறங்கியிருக்கும். அம்மாவின் செயின் காசில் பெரும்பகுதிக்குச் சமமான பணம் ஒரே வருடத்தில் வட்டியாகப் போய்விட்டது. நடுவில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் மறுபடி ஆப்தான். இரண்டாவது முறை வீட்டில் கேட்பது முதல் முறையைவிடக் கஷ்டம். "அப்பவே ஏன் முழுசா சொல்லல?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

முழுக் கணக்கையும் சொல்லியிருந்தால்? எவ்வளவு கொடுக்க முடியும், எதை முதலில் அடைக்கலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து யோசிக்க முடியும். வீட்டிலிருந்து 1,50,000 ரூபாய் ஏற்பாடு செய்ய முடிந்தால், வட்டி அதிகமுள்ள கார்டும் ஆப் கடன்களும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதை வங்கி நகைக்கடனாக 10 சதவீத வட்டிக்கு எடுத்தாலும் ஆரம்பத்தில் மாத வட்டி 1,250 ரூபாய்தான். வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் அசல், இந்த வட்டி, இஎம்ஐ, செலவு எல்லாம் போக சுமார் 7,000 ரூபாய் கையில் நிற்கும். நண்பருக்கு மாதம் 4,000 வீதம் ஐந்தே மாதத்தில் கொடுத்துவிடலாம். வீட்டுக் கடன் 20 மாதத்தில் முடியும். சம்பளம் அதேதான். மாறியது பணம் எந்தக் கடனுக்குப் போனது என்பதுதான்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் கடன், பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணைத் தேதி என்ன. நண்பரின் கைமாத்து, கடையில் ‘பிறகு கட்டலாம்’ என்று வாங்கிய போன், கட்டாத சீட்டு என எதையும் விடாதீர்கள். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் ஆளைத் தேர்வு செய்யுங்கள். நேராக அப்பாவிடம் பேசப் பயமாக இருந்தால் அக்கா, சித்தப்பா, மாமா என்று நிதானமாகக் கேட்கக்கூடிய ஒருவரிடம் முதலில் சொல்லலாம். போனில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள். கல்யாண வீடு, பண்டிகை நாள் வேண்டாம். "இவ்வளவு கடன் இருக்கு. இப்படித்தான் ஆச்சு. இனிமே கார்டு யூஸ் பண்ண மாட்டேன். மாசம் இவ்வளவு என்னால கட்ட முடியும். இவ்வளவு குறையுது" என்று எண்ணோடு பேசினால் பேச்சு சீக்கிரம் கணக்குக்கு வந்துவிடும். திட்டு விழும். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நேரத்தில் எண்ணைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

உதவி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கடனா, அன்பளிப்பா என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டால், தம்பியின் படிப்புச் செலவு வரும்போது மனக்கசப்பு வரும். தொகை, மாதத் தவணை, முடியும் மாதம் மூன்றையும் எழுதி வைப்பது நல்லது.

2. பணம் வங்கி வழியாக வரட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் விதிக்க முடியும். பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர்கள் அன்பளிப்பாகத் தரும் பணத்துக்கு உங்களுக்கு வரி கிடையாது.

3. முடிந்தால் கடனை வீட்டாரே நேரடியாக அடைக்கட்டும். பணம் உங்கள் கணக்கில் ஒரு வாரம் தங்கினால் வேறு செலவு முளைத்துவிடும்.

4. நகையை அடகு வைத்தால், வட்டியும் மீட்கும் பொறுப்பும் உங்களுடையது. வங்கி, கூட்டுறவு சங்க நகைக்கடன் வட்டியை முதலில் விசாரியுங்கள்.

5. தனிநபர் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். கட்டணம் அதிகமாக இருந்தால், அதைத் தவணையிலேயே விட்டுவிட்டு கார்டை அடைப்பது லாபம்.

பிள்ளையின் கடனுக்குப் பெற்றோர் பொறுப்பா?

இல்லை. 18 வயது தாண்டியவர் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாத பெற்றோர் சட்டப்படி பொறுப்பல்ல. "உங்க பையன் கட்டலைன்னா நீங்க கட்டணும்" என்று யாராவது போனில் மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால், ஜாமீன் கையெழுத்து விளையாட்டல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு நிபந்தனை இல்லாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்.

வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது, குடும்பத்தினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. லோன் ஆப்கள் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள், புகைப்படங்களைத் தொடக் கூடாது என்பதும் விதி. வங்கி அல்லது நிதி நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். தகவலுக்கு 14448. புகைப்படத்தை மாற்றி அனுப்பி மிரட்டும் ஆப் என்றால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழகச் சட்டப்பேரவையும் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

பெற்றோர், உறவினர்கள் கவனத்துக்கு...

பிள்ளை வந்து சொல்லும்போது முதல் கேள்வி "ஏன் வாங்கின?" என்பதாக இருக்க வேண்டாம். "இவ்வளவுதானா, வேற ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். எது சொன்னாலும் அடி, திட்டு என்றால் மீதி வெளியே வராது.

அதேநேரம், இருப்பதையெல்லாம் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஓய்வூதியப் பணம், மருத்துவத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பு ஆகியவற்றைத் தொடாமல் எவ்வளவு முடியும் என்று பாருங்கள். பிள்ளையின் கடனை அடைக்க நீங்கள் வெளியில் அதிக வட்டிக்கு வாங்கினால், கடன் தீரவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. கொடுத்த பிறகு உறவினர் வீட்டு விசேஷங்களில் அதைப் பேச்சாக்காதீர்கள். அடுத்த முறை ஒரு பிரச்சினை என்றால் பிள்ளை உங்களிடம் வர வேண்டும் அல்லவா?

வீட்டிலும் பணம் இல்லையென்றால்?

அப்போதும் சொல்லத்தான் வேண்டும். சில மாதம் வாடகை அறையை விட்டு வீட்டில் தங்கிக்கொள்வது, வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் கொஞ்ச நாள் குறைப்பது, வங்கிக்குக் கூட வந்து பேசுவது எல்லாமே உதவிதான். கார்டு பாக்கியைக் குறைந்த வட்டி இஎம்ஐ ஆக மாற்ற முடியுமா, தவணைக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

பாதித் தொகையில் ‘செட்டில்மென்ட்’ செய்ய அழைப்பு வந்தால் யோசித்துச் செய்யுங்கள். கடன் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்பதற்குப் பதிலாக ‘செட்டில் செய்யப்பட்டது’ என்று பதிவாகும். பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடிக்கும்.

கடன் நெருக்கடியில் தூக்கம் போய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், கணக்கெல்லாம் அப்புறம். முதலில் டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கூடவே வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடைத்த பிறகு செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கடன் முடிந்ததும் ‘நிலுவை இல்லை’ என்ற சான்றிதழை எழுத்து மூலம் வாங்குங்கள். தேவையில்லாத கார்டை மூடச் சொல்லுங்கள். லோன் ஆப்பை நீக்கும் முன் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கியிலும் யுபிஐ செயலியிலும் ரத்து செய்யுங்கள். ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை மறுபடி பார்த்து, கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

வீட்டுக்குத் தர வேண்டிய தவணையைச் சம்பளம் வரும் நாளிலேயே தானாகப் போகும்படி வையுங்கள். வங்கி கேட்பதுபோல் அப்பா கேட்க மாட்டார், அபராதமும் போட மாட்டார். அதனாலேயே அது தள்ளிப்போகும் முதல் தவணையாகிவிடக் கூடாது.