இடுப்பு மூட்டுக்கு உலோக உறை: எத்தனை ஆண்டு தாங்கும்?

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்தவர்களுக்குத் தொடை இடுக்கில் வலி வந்தால், ‘வாயு’ என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடக் கூடாது. அது இடுப்பு மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். மருந்துக்கும் உடற்பயிற்சிக்கும் அடங்காத நிலையில் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அதில் இரண்டு வகை உண்டு.

வழக்கமான முறையில், தொடை எலும்பின் பந்து போன்ற தலையை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்துவார்கள். மற்றொன்றில் தலையை வெட்டுவதில்லை. தேய்ந்த மேற்பரப்பைச் செதுக்கி, பல்லுக்கு உறை போடுவதுபோல் உலோக உறை மாட்டுவார்கள். இடுப்புக் குழியில் உலோகக் கிண்ணம் பதிப்பார்கள். எலும்பு மிச்சமாகும் என்பதே இதன் சிறப்பு.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மருத்துவர் டெரக் மெக்மின் உருவாக்கிய இவ்வகை மூட்டு 1997-இல் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 2006-இல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே சென்னையில் மருத்துவர் விஜய் போஸிடம் அமெரிக்கர்கள் இச்சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள்.

பலன் நீடித்ததா? ஆளைப் பொறுத்தும் மூட்டின் தயாரிப்பைப் பொறுத்தும் விடை மாறுகிறது. 65 வயதுக்குட்பட்ட, எலும்பு உறுதியான, பெரிய அளவு மூட்டு பொருத்திக்கொண்ட ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குப் பர்மிங்ஹாம் மூட்டு பத்தாண்டைக் கடந்தும் தாங்கியிருக்கிறது. பெண்களுக்கு அவ்வளவு நல்ல பலன் இல்லை. 2015-இல் அதன் தயாரிப்பாளரே பெண்களுக்கு அதைப் பொருத்த வேண்டாம் என்று அறிவித்தார்.

ஏ.எஸ்.ஆர். என்ற வேறொரு தயாரிப்போ பெருந்துயரம் தந்தது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட், குரோமியம் துகள்கள் இரத்தத்தில் கலந்தன; மூட்டைச் சுற்றிய சதை அழிந்தது. 2010-இல் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை 2018-இல் இந்திய அரசு ஏற்றது.

நம்மவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இரத்தத்தில் கலக்கும் கோபால்ட்டைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. இனிப்புநீரால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உலோக உறை மூட்டு ஏற்றதல்ல. அவர்கள் வழக்கமான மாற்று மூட்டு பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

ஏற்கெனவே உலோக மூட்டு பொருத்திக்கொண்டவர்கள், வலி இல்லையென்றாலும் சும்மா இருக்கக் கூடாது. அறுவை செய்த மருத்துவமனையில் மூட்டின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டோடு எலும்பு மருத்துவரைப் பார்த்து, எக்ஸ்ரேயும் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். சதை அழியும் முன் கண்டுபிடித்தால் மூட்டை மாற்றுவது எளிது.