பார்க்கலாம், பேசக் கூடாது

டிராமில் எதிரெதிரே உட்கார்ந்த இருவர் அரை மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி போகிறார்கள். ஒரு வார்த்தை கிடையாது. நிறுத்தம் வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். இதில் என்ன அதிசயம்?

மனித வரலாற்றுக்கே இது புதுசு என்றார் ஜெர்மன் சமூகவியலறிஞர் கேயோர்க் சிம்மல். 19ஆம் நூற்றாண்டில் பேருந்தும் ரயிலும் டிராமும் வரும்வரை, வாய் திறக்காமல் இவ்வளவு நேரம் பிறர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மனிதருக்கு வாய்த்ததில்லை என்று 1908இல் வெளிவந்த தம் சமூகவியல் நூலில் அவர் எழுதினார்.

சிம்மல் 1858இல் பெர்லினில் பிறந்தவர். 1871இல் சுமார் 8 லட்சம் பேர் இருந்த ஊர், 1905இல் 20 லட்சத்தை எட்டியது. கிராமத்தில் எதிரே வருபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்; நின்று நலம் விசாரிக்கலாம். பெர்லினில் ஒரு கடைத்தெருவைக் கடப்பதற்குள் எத்தனையோ முகங்கள். ஒவ்வொன்றுக்கும் மனம் அசைந்தால் வீடு சேர்வதற்குள் ஆள் துவண்டுவிடுவார். அதனால் நகரவாசியின் மனசுக்குத் தோல் தடித்துப்போகிறது. எதற்கும் அசராத முகம் வந்துவிடுகிறது. கிராமத்திலிருந்து வந்தவர் அதைத் திமிர் என்பார். சிம்மல் அதைத் தற்காப்பு என்றார். 1903இல் டிரெஸ்டன் நகரில் அவர் ஆற்றிய உரையின் சாரம் இதுதான்.

கடிகாரத்தையும் அதில் இழுத்தார். பெர்லின் கடிகாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் முன்பின்னாக ஓடினாலே போதும், வியாபாரமும் போக்குவரத்தும் வெகுநாள் குழம்பிவிடும் என்றார். முன்பின் தெரியாதவர்கள் கூடி வாழ நேரமும் பணமும்தான் பொதுமொழி.

பழைய ஊர் வாழ்க்கையை நினைத்து அவர் புலம்பவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். எல்லோரும் விசாரிக்கும் ஊரில் எல்லோரும் வேவும் பார்ப்பார்கள். யாரும் கண்டுகொள்ளாத நகரத்தில் தான் விரும்பியபடி இருக்கலாம். கூட்டத்தின் நடுவே வரும் தனிமை அதற்கான விலை.

அவர் வகுப்புகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனாலும், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற வெறுப்பும் குறுக்கே நின்றதால், பெர்லின் பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக்கவே இல்லை. அந்தப் பதவி 1914இல் கிடைத்தது, தொலைவிலிருந்த ஸ்ட்ராஸ்பூர்கில். நான்கு ஆண்டுகளில் அங்கேயே காலமானார்.