சகோதரி மேரியின் மூளை

நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். குடலின் உள்தோல் சில நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. மூளையின் மேற்புறணியில் இருக்கும் நரம்பணுவுக்கோ விதி வேறு. தாயின் கருவறையில் உருவான அதே அணு, நூறு வயதுப் பாட்டியின் தலைக்குள்ளும் உயிரோடு இருக்கிறது. கொள்ளுப்பேரனை அவர் பேர் சொல்லிக் கூப்பிடும்போது வேலை செய்வது, அவர் பிறக்கும் முன்பே இறைவன் நெய்து வைத்த இழைகள். மூளை முழுவதும் சேர்த்து எண்ணினால் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. எடையோ ஒன்றரைக் கிலோவை எட்டாது.

இத்தனை காலம் உழைக்கும் ஒன்று தேயாமல் இருக்குமா? தேயத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்கும் படைத்தவன் முன்கூட்டியே வழி வைத்திருக்கிறான் என்பதுதான் என்னைக் கைகூப்ப வைக்கிறது. அதைக் காட்டித் தந்தவர்கள் அமெரிக்காவின் கன்னியர் மடங்களில் வாழ்ந்த வயதான துறவியர்.

1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் மினசோட்டா மாநிலத்தின் மன்கேட்டோ ஊரில், நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடத்துக்குப் போனார். ஆய்வு பின்னர் சபையின் மற்ற மடங்களுக்கும் விரிந்து, 75 வயது முதல் 102 வயது வரையிலான 678 சகோதரிகள் சேர்ந்தார்கள். ஒரே சமையல், ஒரே மாதிரி இருப்பிடம், பெரும்பாலோருக்கு ஆசிரியப் பணி. புகைப்பழக்கம் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. வாழ்க்கைமுறை இவ்வளவு ஒத்திருந்தால், முதுமை ஆளுக்கு ஆள் வேறுபடுவதன் காரணத்தைத் தேடுவது எளிது. ஆண்டுதோறும் சோதனை நடக்கும். பத்துச் சொற்களை ஒவ்வொன்றாக அட்டையில் காட்டுவார்கள். வேறு பேச்சில் சில நிமிடம் கழியும். பிறகு எத்தனை சொல் நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுவார்கள்.

அவர்களில் ஒருவர் சகோதரி மேரி. எட்டாம் வகுப்போடு மடத்துக்கு வந்தவர். 19 வயதில் பாடம் நடத்தத் தொடங்கி, கோடை விடுமுறைகளில் தானும் படித்து, 41 வயதில்தான் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் வாங்கினார். 84 வயதுவரை கற்பித்தார். நூறைத் தாண்டிய பிறகும் சோதனைகளில் நல்ல மதிப்பெண். 101 வயதில் அவர் காலமான பின், மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். அல்சைமர் நோயின் அடையாளங்களான அமைலாய்டு படிவுகளும் டௌ புரதச் சிக்கல்களும் ஏராளம். மறதியில் முற்றிலும் மூழ்கியவரின் மூளையில் பார்க்கும் காட்சி அது. அவரோ கடைசிவரை தெளிவாக இருந்தவர்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடுமரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றிக்கொண்டு மரம் இன்றும் படர்ந்து நிற்கிறது. சகோதரி மேரிக்குள் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். ஒரு பாதை அடைபட்டால் மூளை இன்னொரு இணைப்பின் வழியே செய்தியை அனுப்பிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க அப்படிச் சேரும் இணைப்புகளின் வளத்தை ஆய்வாளர்கள் அறிவாற்றல் இருப்பு என்கிறார்கள்.

அந்த இருப்பு எப்போது சேரத் தொடங்குகிறது? 1930இல் சபைத் தலைவி, இளம் சகோதரிகள் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். சராசரி 22 வயதில் எழுதிய அந்தத் தாள்கள் மடத்துக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. பிறந்த ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்று துண்டு துண்டாகச் சொல்லி நிறுத்தியவர்கள் உண்டு. ஒரே வாக்கியத்தில் நிகழ்ச்சி, காரணம், மனநிலை என்று அடுக்கியவர்களும் உண்டு. பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து என்று கணக்கிட்டார்கள். செறிவாக எழுதியவர்கள் முதுமையில் தெளிவோடு இருந்தது தெரியவந்தது. அறுபது ஆண்டு கழித்து நடக்கப்போவதன் சாயல் ஒரு பழைய தாளில்!

அப்படியானால் படிக்காதவர்களுக்கு இந்த வரம் இல்லையா என்று மனம் துணுக்குறும். ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு ஆறுதல் தருகிறது. இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே நிலை. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி என்று வாழ்ந்ததே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

இருப்பைச் சேர்க்கும் கதவு முதுமையிலும் மூடுவதில்லை. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி வயதாக ஆகச் சுருங்கும். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதியவர்கள் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம்வரை விறுவிறுவென நடந்தார்கள். ஓராண்டில் அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. நடந்தது கால்கள், வளர்ந்தது மூளை! படைப்பின் இந்தக் கணக்கை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இதை அறிந்த பிறகு, நம் வீடுகளில் அன்பாகச் சொல்லும் ஒரு வாசகம் எனக்கு உறுத்துகிறது: “நீங்க சும்மா உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்.” முற்றத்தில் பூ கட்டும் பாட்டியைக் கவனியுங்கள். மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து வைத்து நாரைச் சுற்றி முடிச்சிடுகின்றன விரல்கள். வாய் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை விசாரிக்கிறது. மனம் பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கியைக் கூட்டுகிறது. அவரிடமிருந்து அந்தக் கூடையை வாங்கி வைத்துவிட்டு டிவிக்கு முன் உட்கார வைத்தால், மரியாதை செய்தோம் என்று நினைக்கிறோம். மடத்துச் சகோதரிகளுக்கு எண்பதிலும் ஏதோ ஒரு பொறுப்பு இருந்தது. சேர்ந்து உண்ணவும் சேர்ந்து ஜெபிக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

கன்னியர் மட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அல்சைமர் சேதத்தோடு சிறிய பக்கவாதங்களும் சேர்ந்த மூளைகள், அந்தச் சேதத்தைத் தாங்க முடியாமல் மறதிக்குள் விழுந்தன. அதனால் ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது நினைவைக் காப்பதும்தான். காது மந்தமானால் கருவி பொருத்த வெட்கப்பட வேண்டாம். பேச்சு கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார்.

இத்தனையும் கவனித்தவருக்கும் நோய் வரலாம். பரம்பரையின் பங்கு உண்டு, வயதின் பங்கு உண்டு. மறதிநோய் வந்தவருக்கு, எதையோ செய்யத் தவறியதால்தான் அது வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மடங்களிலும் அப்படிப்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். நினைவு போனவர்களை, நினைவோடிருந்த சகோதரிகள் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆய்வில் சேர்ந்த 678 பேரும் தங்கள் மூளையைத் தானமாகத் தரச் சம்மதித்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவர்கள், இறந்த பின்னும் பாடம் நடத்த முடியும் என்பதை அறிந்தே கையெழுத்திட்டார்கள்.